குரங்கு நுரை வைரஸ்

குரங்கின் உடலில் ஆயுள் முழுக்கத் தங்கியும் அதற்கு நோய் எதையும் தராத ரெட்ரோவைரஸ் வகை. எச்.ஐ.வி.யும் இதே குடும்பம்தான். ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்கக் குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இது உண்டு. மனிதருக்கென்று சொந்த நுரை வைரஸ் இல்லை.

1954-இல் ஆய்வாளர்கள் எண்டர்ஸ், பீபிள்ஸ் இருவரும் தட்டம்மை வைரஸை வளர்க்கக் குரங்குச் சிறுநீரகச் செல்களைப் பயன்படுத்தினர். எந்த வைரஸும் இடாத செல்களும் ஒன்றோடொன்று கலந்து, குமிழ்கள் நிறைந்து, நுரைத்ததுபோல் அழிந்தன; அவற்றில் ஏற்கெனவே இருந்த இந்த வைரஸே காரணம். ஆய்வகத்தில் இத்தனை நாசம் செய்வது உயிருள்ள குரங்கில் சாதுவாகக் கிடக்கிறது. வாயின் உட்புறத்தில், எப்படியும் உதிர்ந்துபோகும் மேலடுக்குச் செல்களில்தான் அது பெருகுகிறது என்பது இதற்கான நல்ல விளக்கம். எச்சிலும் கடியும் பரவும் வழிகள். குறைந்தது 3 கோடி ஆண்டுகளாகக் குரங்கினங்கள் கிளைத்த வழியிலேயே இந்த வைரஸ்களும் கிளைத்து வந்திருப்பதை 2005-இல் வெளியான மரபணு ஒப்பீடு காட்டியது.

குரங்குகளில் சாதுவாக வாழும் வைரஸ்கள் பலவும் இப்படித் தேடாமல் சிக்கியவையே. இந்தியாவின் செம்முகக் குரங்கில் ஓசையின்றி வாழும் எஸ்.வி.40 என்ற வேறு குடும்ப வைரஸ், போலியோ தடுப்பூசிக்காக வளர்த்த சிறுநீரகச் செல்களோடு சேர்ந்து வந்து, 1960-இல் ஆய்வாளர்கள் ஸ்வீட், ஹில்மன் ஆகியோரிடம் பிடிபட்டது. செம்முகக் குரங்கின் செல்களில் தடயம் காட்டாத அது, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்களில் குமிழ்களைத் தோற்றுவித்தது. அதற்குள் கோடிக்கணக்கானோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள்!

தடுப்பூசி மட்டுமல்ல, கடியும் குரங்கு வைரஸ் மனிதரை எட்டும் வழி. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாயகங்கைக்கும் போகிறவர்கள் பார்ப்பது தென்னிந்தியாவுக்கே உரிய குல்லாய்க் குரங்கு. பொரியும் வாழைப்பழமும் நீட்டும் கை கடிபடுவது அரிதல்ல. பாலித் தீவின் சங்கே கோயிலில் குரங்குகளோடு புழங்கிய ஒருவருக்கு நுரை வைரஸ் தொற்றியிருந்ததை 2005-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. தொற்றியவர்களிடம் இதனால் நோய் வந்ததாகவோ, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவியதாகவோ இதுவரை நிறுவப்படவில்லை.

ஆயினும் 'தீங்கற்றது' என்பது குரங்கைப் பொறுத்த கணக்கு. செம்முகக் குரங்கும் குல்லாய்க் குரங்கும் அடங்கிய மக்காக் இனக் குரங்குகளுக்கு வாய்ப்புண்ணோடு போய்விடும் பி வைரஸ் என்ற வேறொரு வைரஸ், 1932-இல் குரங்கு கடித்த ஓர் ஆய்வாளரைக் கொன்றது. கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்காகவும் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இத்தகைய வைரஸ்களைத் தேடக் காட்டுக் குரங்கைப் பிடித்து இரத்தம் எடுப்பது இருதரப்புக்கும் தொல்லை. அதனால் சில ஆய்வாளர்கள் இனிப்பு தடவிய கயிற்றை வீசி, குரங்கு மென்று துப்பியபின் அதில் ஊறிய எச்சிலைச் சோதிக்கிறார்கள்.