சிறைக்குள் எழுதிய இரு மறுப்புகள்

எகிப்தின் ஜமாஆ இஸ்லாமியா என்ற குழு 2002-இல் நான்கு சிறுநூல்களாகத் தன் ஆயுதப் பாதையை மறுத்து எழுதியது. லிபிய இஸ்லாமியப் போராளிக் குழு 2009-இல் 417 பக்கங்களில் ஒரே நூலாக அதைச் செய்தது. இரண்டும் சிறையில் பிறந்தவை. அருகருகே வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான்.

எகிப்தில் முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் கைதிகள். 1997 ஜூலையில் ராணுவ நீதிமன்றத்திலேயே போர்நிறுத்த அறிக்கையை வாசித்தார்கள், அரசு நம்பவில்லை. லிபியாவில் முதல் அடி ஆட்சியாளரின் வீட்டிலிருந்து வந்தது. கடாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் பேச்சைத் தொடங்க, மார்க்க அறிஞர் அலி சல்லாபி நடுவராக நின்றார்.

எகிப்தியத் தலைவர்கள் சிறை சிறையாகச் சென்று தம் தொண்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். லிபியத் தலைவர்கள் அறுவர் எழுதியதோ யூசுஃப் அல்-கர்ளாவி போன்ற வெளிநாட்டு அறிஞர்களின் பார்வைக்குப் போனது. ஒருவர் ஒப்புதலைக் கீழே தேடினார், மற்றவர் மேலே. ஆனால் வாதமுறை ஒன்றே. ஜிஹாதை இருவருமே மறுக்கவில்லை. அதற்கான நிபந்தனைகளை மரபு நூல்களைக் கொண்டே இறுக்கினார்கள்.

இரு கதைகளின் பின்னணியிலும் ஒரு படுகொலை உண்டு. 1997 நவம்பரில் லக்சரில் 62 பேரைக் கொன்றவர்கள் ஜமாஆவின் ஆட்கள். 1996-இல் திரிப்போலியின் அபூ சலீம் சிறையில் சுமார் 1,200 கைதிகளைக் கொன்றது அரசு. அவர்கள் இறந்தது தெரியாமல் குடும்பத்தினர் ஆண்டுக்கணக்கில் சிறை வாசலுக்கு உணவும் உடையும் கொண்டுவந்தனர். ஓரிடத்தில் குழுவின் குற்றம், மற்றோரிடத்தில் அரசின் குற்றம்: கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறியிருக்கிறது.

2011-இன் மக்கள் எழுச்சிகள் இரண்டையும் சோதித்தன. ஜமாஆ கட்சி தொடங்கி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. ஆட்சியாளருக்கு எதிராக ஆயுதம் கூடாதென எழுதிய அறுவரில் ஒருவரும், 2010-இல் விடுதலையானவருமான அப்துல் ஹக்கீம் பெல்ஹாஜ், கடாஃபியை எதிர்த்துப் போரிட்டுத் திரிப்போலி ராணுவ மன்றத்தின் தலைவரானார். அப்படியானால் எகிப்து வென்றது, லிபியா தோற்றது என்று தீர்ப்பெழுதிவிடலாமா?

அவசரம் வேண்டாம். பெங்காசியில் எழுச்சியின் முதல் கூட்டத்தைத் திரட்டியது பெல்ஹாஜ் அல்ல. அபூ சலீம் குடும்பங்களின் வழக்கறிஞரைக் கைது செய்ததும் அந்தக் குடும்பங்களே தெருவுக்கு வந்தன. எகிப்திலோ, 2013 ஜூனில் ஜமாஆவின் கட்சிக்காரர் ஒருவர் லக்சருக்கே ஆளுநராக நியமிக்கப்பட்டார். ஊரார் எதிர்ப்பில் ஒரே வாரத்தில் விலகினார்.

எதிர்பாராத உறவு இங்கேதான் தெரிகிறது. சிறைப்பட்டவரும் சிறைவைத்தவரும் தமக்குள் கணக்கை நேர்செய்துகொண்டார்கள். அந்தக் கணக்கில் யாரும் கேட்காத மூன்றாம் தரப்பு, பெங்காசியில் காவல் தலைமையகத்தின் முன்னும் லக்சரில் ஆளுநர் அலுவலகத்தின் முன்னும் தானாக வந்து நின்றது.