செஞ்சியாறும் மணிக்கோவையும்

செஞ்சி என்றவுடன் இராசகிரிக் கோட்டையும், 1698-இல் முடிவுற்ற நெடிய முற்றுகையுமே நம்மவர் நினைவிற்கு வருகின்றன. அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே நம் யாற்றின் வழியில் ஒரு பெருந்தொழில் செழித்திருந்தது. செஞ்சி மலைப்பக்கத்தே தோன்றிச் சங்கராபரணி எனவும் பெயர்பெறும் அவ்யாறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலை அடைகின்றது. அதன் கிளையாகிய அரியாங்குப்பத்தாற்றின் கரையிலேயே அரிக்கமேடு உள்ளது.

1945-இல் வீலர் என்னும் ஆங்கில அறிஞர் ஆங்கு அகழ்ந்தபோது, உரோமரோடு நிகழ்ந்த வாணிகத்திற்குச் சான்றான மட்கலங்களோடு மணிகளும் வெளிப்பட்டன. கண்ணாடியை உருக்கி, உள்ளே புழையிருக்குமாறு நீண்ட குழலாக இழுத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்குதலே அக்கண்ணாடி மணிகளைச் செய்யும் முறையாம். இவ்வகை மணிகள் கீழைக்கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் கிடைத்துள்ளன.

மணி கிடைத்தது, கோத்த நூலோ மட்கியொழிந்தது. பொற்கம்பி அங்ஙனம் மட்குவதன்று. நம் இல்லங்களிற் கருகமணி கோக்கும் முறையைக் காண்க: மணியினூடே கம்பியைச் செலுத்தி, இருபுறமும் வளைத்துக் கண்ணியாக்கி, ஒரு கண்ணியை மற்றொன்றோடு பிணைப்பர். ஒரு கண்ணி அறினும் ஏனைய மணிகள் சிதறா.

மட்காத அக்கம்பிக்கும் ஒரு பகை உண்டு; அதுவே உருக்கும் மூசை. பழங்கோவையை அழித்துப் புதுநகை செய்வார் சிலர் மணிகளைப் பயனிலவென்று எறிந்துவிடுகின்றனர். சிலம்பின் பரலே கண்ணகியின் வழக்கைத் தீர்த்ததென அறிந்த நாம் இங்ஙனம் செய்தல் தகுமோ?

ஆதலின் அன்பர்களே, நகையை மூசையிலிடுமுன் அதன் பெயர், கோத்த முறை, எவர் காலத்தது என்பவற்றை இல்லத்து முதுமகளிரிடம் கேட்டு எழுதிவைப்பீர்களாக. எழுதாதொழியின், அரிக்கமேட்டு நூல்போல அவர் நினைவும் மட்கிவிடும்.