ஓர் அலமாரியில் தொடங்கிய யாழ்ப்பாண நூலகம்



போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்கில் நம்ம கோயில் புத்தக அலமாரியைச் சுத்தம் செஞ்சோம். பாதிப் புத்தகங்களைக் கறையான் தின்னுடுச்சு. “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாமா?” என்று நம்மில் ஒருத்தர் கேட்டார். பக்கத்தில் பூ கட்டிக்கிட்டிருந்த யாழ்ப்பாணத்துப் பாட்டி நிமிர்ந்து பார்த்து, “எங்கட ஊர் நூலகமும் ஒரு அலுமாரியிலதான் தொடங்கினது, தம்பி” என்றார். அந்த வரலாற்றை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள நினைத்தோம்.

1933-இல் க. மு. செல்லப்பா என்பவர், தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த வருஷமே ஊர்ப் பெரியவர்கள் கூடி, ஆஸ்பத்திரி வீதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். அப்போது இருந்தது 844 புத்தகங்கள்தான். பிறகு சொந்தக் கட்டடம் வேண்டும் என்ற ஆசை வந்தது. நூலகத்துறை மேதை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் போட்டார். கத்தோலிக்கப் பாதிரியார் லோங் அடிகளாரும் முன்னின்று உழைத்தார். 1959-இல் நூலகம் திறக்கப்பட்டது. அதன் வாசலில் இருப்பவள் யார் தெரியுமா? நம்ம சரஸ்வதி அம்மன்தான்!

1981-இல் ஓர் இரவு, தேர்தல் பதற்றத்துக்கு நடுவில், அந்த நூலகத்தைக் கொளுத்திவிட்டார்கள். ஏட்டுச்சுவடிகளும் சேர்த்து ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. தூரத்திலிருந்து அந்தத் தீயைப் பார்த்த தமிழறிஞர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிரையே விட்டார். கட்டடம் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டு இன்று மறுபடி இயங்குது. ஆனால், வேறு பிரதி இல்லாத சுவடி எரிந்தால் எரிந்ததுதான்.

ரயில்வே வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் அந்த மண்ணிலிருந்து மலாயா வந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் நம்மோடு இருக்காங்க. அவர்களுக்கு இது வெறும் செய்தி இல்லை.

அங்கே தீ தின்றதை நினைச்சு அழறோம். இங்கே கறையான் தின்பதை யார் பார்க்கிறது? வருஷத்துக்கு ஒரு நாள் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்தால் மட்டும் போதுமா?

அடுத்த ஞாயிறு பூஜை முடிந்ததும் கிழிந்த புத்தகங்களை ஒட்டி, அட்டை போடப் போறோம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. வீட்டில் தாத்தா பாட்டி வைத்திருந்த பழைய தமிழ்ப் புத்தகம் இருந்தால், அதையும் எடுத்துட்டு வாங்க.

கலைமகள் துணை.