மருதனார்மடத்து இசைக்கூடம்

எம் பழைய மாணவிகள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், பலரது பெட்டியின் அடியில் வட இலங்கைச் சங்கீத சபையின் சான்றிதழ் ஒன்று கிடக்கும். 1931 இல் தொடங்கிய அச்சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, ஆசிரியர் தரத்தில் சித்தியெய்தியோருக்குக் ‘கலாவித்தகர்’ பட்டம் வழங்கியது. பட்டம் சரி, பிழைப்புக்கு? மேடை சிலருக்கே சோறு போடும். மற்றவர்களுக்குப் பாடசாலைச் சங்கீத ஆசிரியை நியமனமே கதி. அதற்கு அந்தச் சான்றிதழ் வழியாயிற்று.

மருதனார்மடத்தில் சேர் பொன். இராமநாதன் 1913 இல் பெண்களுக்கென ஒரு கல்லூரி நிறுவினார். அவரது மருமகன் சு. நடேசபிள்ளை 1960 இல் அதே மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் இசைக்கல்லூரியைத் தொடங்கினார். மகாராஜபுரம் விசுவநாத ஐயரின் மகன் சந்தானம் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராயிருந்தார். அவரிடம் பயின்றவர்கள் அதை இன்றும் பெருமையாகச் சொல்வர்.

வந்த வித்துவான்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்களை இங்கே இருத்தி வைத்த பாட்டைப் பேசுவது குறைவு. வீணையை ஒருமுறை வாங்கினால் போதும். சம்பளமோ மாதம் தவறாமல் வரவேண்டும். தனியார் தருமம் ஒன்றுக்கு அதுவே பெரும் பாரம். 1965 இல் நடேசபிள்ளை காலமானார். நிறுவியவருடன் மறைந்துபோன சபாக்கள் எத்தனையோ! இது மறையவில்லை. பத்து ஆண்டுகள் தாங்கி நின்று, 1975 இல் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. அன்று முதல் அங்கு பாட்டும் வீணையும் வயலினும் மிருதங்கமும் பரதமும் கற்பித்தவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்களாயினர். அவர்களிடம் பயின்ற பெண்களே பின்னர் வடக்குக் கிழக்குப் பாடசாலைகள் பலவற்றில் சுருதிப் பெட்டியோடு வகுப்புக்குள் நுழைந்தனர்.