திருப்புத்திறன்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

‘டார்க்’ என்னும் ஆங்கிலச் சொல் 1884-இல் அச்சேறியது. ஜேம்ஸ் தாம்சன் அதனை முன்மொழிந்தார் என்பர். முறுக்குதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே அதன் வேர். தமிழில் அறிவியற் சொல்லாக்கம் 1916-இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கண்ட சங்கத்தால் ஊக்கம் பெற்றது. பின்னர்த் தமிழகப் பாடநூல்களில் ‘திருப்புத்திறன்’, ‘திருப்பு விசை’ என்பன இடம்பெற்றன. கோவைத் தொழிற்கூடங்களிலோ ‘டார்க்’ என்பதே வழக்கு.

இச்சொற்களின் பொருத்தத்தை ஒரு கணக்கால் அறியலாம். நிலைமத் திருப்புத்திறன் 2 கிலோகிராம் மீட்டர்² உடைய சக்கரம் ஒன்றன்மீது, அது ஓய்விலிருக்கையில், 6 நியூட்டன் மீட்டர் அளவுள்ள மாறாத திருப்புத்திறன் செயற்படுகிறது எனக் கொள்வோம். கோண முடுக்கம் வினாடி²க்கு 3 ரேடியன். 2 வினாடியில் கோணத் திசைவேகம் 6, திறன் 36 வாட். 4 வினாடியில் 12, 72 வாட். அஃதாவது, ‘திருப்புத்திறன்’ மாறாது நிற்கத் ‘திறன்’ வளர்ந்துகொண்டே செல்கிறது! மாணவர் மயங்குதல் இயல்பே. ‘திருப்பு விசை’யும் குற்றமற்றதன்று, அது விசையே அன்று, அதன் அலகும் வேறு.

இலங்கையர் முன்னதைத் ‘திருப்பம்’ என்றும் பின்னதை ‘வலு’ என்றும் பிரித்தாண்டனர். முடுக்கம் அங்கு ‘ஆர்முடுகல்’ ஆதலின் இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே பயில்வோர் இடர்ப்படுவர் என்பது உண்மையே. எனினும் திருப்பத்தை மட்டுமேனும் நாம் ஏற்கலாம். சாலைத் திருப்பமும் கதைத் திருப்பமும் குறுக்கிடும் என்பார் கூற்று ஏற்புடையதன்று. இயற்பியற் கணக்கில் சாலையைத் தேடுவார் இலர்.