கடைசி மைல் டெலிவரிப் பாதைப் பகுப்பாய்வு: ஐதராபாத்

கிடங்கிலிருந்து புறப்பட்ட பொருள் வாடிக்கையாளரின் வாசலை அடையும் இறுதிக் கட்டத்தில் எந்த வண்டி, எந்தெந்த வீட்டுக்கு, எந்த வரிசையில் போவது என்று திட்டமிடுவதும், ஓடி முடித்த தடத்தைத் திட்டத்தோடு ஒப்பிட்டு ஆராய்வதும் கடைசி மைல் டெலிவரிப் பாதைப் பகுப்பாய்வு எனப்படும். இதற்கு வேண்டிய வரைபடம், வழி காணும் பொறி, வரிசை போடும் பொறி மூன்றுமே இன்று திறந்த மூலமாகக் கிடைக்கின்றன. ஐதராபாத்தில் இவற்றைப் பயன்படுத்தும்போது கணக்கு அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. வரைபடமும் முகவரியும்தான் காலை வாருகின்றன.

கணக்கு பழையது. பெட்ரோல் லாரிகளை நிலையங்களுக்கு அனுப்பும் சிக்கலை டான்ட்சிக், ராம்சர் இருவரும் 1959-ல் எழுதினர். 1964-ல் கிளார்க்கும் ரைட்டும் அதற்கு எளிய தீர்வுமுறை ஒன்றைத் தந்தனர். 20 வீடுகளைச் சுற்றிவர 24,000 கோடி கோடிக்கு மேற்பட்ட வரிசைகள் உண்டு என்பதால், எல்லாவற்றையும் சோதிக்காமலே நல்ல விடையைத் தேடுவது இத்துறையின் வழக்கம். வ்ரூம், கூகுள் வெளியிட்ட ஓஆர்-டூல்ஸ் ஆகியவை இதைச் செய்கின்றன. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான பயண நேரத்தை ஓஎஸ்ஆர்எம், வால்ஹல்லா, கிராஃப்ஹாப்பர் போன்ற பொறிகள் 2004-ல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலிருந்து கணிக்கின்றன.

இந்தப் பொறிகளில் வண்டியின் வகை முக்கியம். ஓஎஸ்ஆர்எம்முடன் வருபவை கார், சைக்கிள், நடை ஆகியவற்றுக்கான அமைப்புகள். பைக்குக்கு ஒன்றும் இல்லை. ஐதராபாத்தின் உணவு, மளிகை டெலிவரியோ பெரும்பாலும் இருசக்கர வண்டியில்தான் நடக்கிறது. கார் அமைப்பை அப்படியே வைத்தால், மெஹதிப்பட்டினத்திலிருந்து ஆராம்கர் வரை 11.6 கி.மீ. நீளும் பி.வி. நரசிம்மராவ் விரைவு மேம்பாலத்தில் பொறி பைக்கை ஏற்றிவிடும். 2009-ல் திறக்கப்பட்ட அந்த மேம்பாலத்தில் பைக்குக்கு அனுமதி இல்லை. 158 கி.மீ. வெளிவட்டச் சாலையின் பிரதான பாதையிலும் அப்படித்தான். மறுபுறம், சார்மினாரைச் சுற்றிய பழைய நகரத்துச் சந்துகளில் கார் நுழையாத இடத்திலும் பைக் புகுந்துவிடும். கார் அமைப்பு அவற்றை ஒதுக்கி, ஊரைச் சுற்றச் சொல்லும். வால்ஹல்லாவில் ஸ்கூட்டருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. இந்த நகரத்துக்கு அதிலிருந்து தொடங்குவது நல்லது.

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டில் ராணுவ நிலத்தின் ஊடாகப் போகும் சாலைகள் சில பொதுமக்களுக்கு மூடப்படுவதும் திறக்கப்படுவதுமாக நெடுங்காலம் சர்ச்சையில் இருந்தவை. ஒரு வாயில் அடைபட்ட செய்தியை வரைபடத்தில் யாராவது பதியாவிட்டால் மென்பொருள் வண்டியை அங்கேதான் அனுப்பும். சந்திப்பை அடைத்து, சற்றுத் தள்ளி யூ-டர்ன் திறந்துவிடும் போக்குவரத்து ஏற்பாடுகளுக்கும் இது பொருந்தும். சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் வீடு வரைபடத்தில் 30 மீட்டர் தொலைவில் தெரியும். வண்டிக்கு அது ஒரு கிலோமீட்டராக நீளலாம். இதனால் நேர்கோட்டுத் தூரத்தை வைத்துப் போடும் வரிசைகள் இங்கே பயன்படுவதில்லை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தந்த நேரத்து நெரிசல் இல்லை. வண்டிகளின் பழைய ஜிபிஎஸ் தடங்களைச் சாலையோடு பொருத்தி, பகுதிவாரியான வேகத்தைக் கணக்கிட்டு, ஓஎஸ்ஆர்எம்முக்குத் தனிக் கோப்பாகக் கொடுக்கலாம். மாதாப்பூர் ஐடி பகுதியில் மாலை நேரத்துக்கு இப்படித் தனிக் கோப்பு வைக்காமல் திட்டமிடுவது வீண் வேலை. தடம் திட்டத்திலிருந்து விலகினால் ஊழியர் மேல் உடனே பழி போடவும் கூடாது. அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடியும் 2021-ல் நடத்திய பாதை ஆய்வுப் போட்டியின் அடிப்படையே, அனுபவமுள்ள ஓட்டுநர்கள் தேர்ந்தெடுத்த வரிசைகளிலிருந்து கணினி கற்க வேண்டும் என்பதுதான்.

பெரிய தலைவலி முகவரி. ‘8-2-293/82’ என்பது போன்ற வார்டு, பிளாக், கதவு எண்கள் காலப்போக்கில் கிளைத்து, அடுத்தடுத்த வீடுகளில் அடுத்தடுத்த எண் இருக்கும் என்ற உறுதி போய்விட்டது. அத்தாப்பூர் பக்கத்தில் நரசிம்மராவ் மேம்பாலத்துத் தூண் எண்ணையே அடையாளமாகச் சொல்கிறார்கள். கடைப் பலகையிலும் அதுதான். நாமினாட்டிம் போன்ற திறந்த மூல முகவரித் தேடிக்கு, வரைபடத்தில் பதியாத தூண் எண் புரியாது.

இதற்கான தீர்வு முயற்சி ஒன்றில் ஐதராபாத்துக்கே பங்கு உண்டு. அஞ்சல் துறை, ஐஐடி ஐதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ஆகியவை உருவாக்கிய டிஜிபின் 2025 மே மாதம் வெளியானது. நாட்டின் பரப்பைப் பத்து நிலைகளில் 4×4 கட்டங்களாகப் பிரித்து, ஏறத்தாழ 4 மீட்டர் சதுரம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. கணிக்கும் நிரலும் திறந்த மூலமே. இணையம் இல்லாமலும் குறியீட்டை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றலாம். ஆனால் அதில் மாடி எண் இல்லை. கச்சிபௌலி அடுக்ககம் ஒன்றில் மூன்றாம் மாடிக்கும் முப்பதாம் மாடிக்கும் ஒரே குறியீடு வரக்கூடும். வாயிலில் பெயர் எழுதி, லிஃப்டுக்குக் காத்திருந்து, கதவைத் தட்டும் நேரத்தை வ்ரூமில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனியே சேவை நேரமாகக் கொடுக்க முடியும். எல்லா வீட்டுக்கும் பொதுவாக மூன்று நிமிடம் என்று போடுவதைவிட, பழைய தடங்களில் வண்டி நின்ற நேரத்தைப் பார்த்து வளாகவாரியாகக் கணக்கிட்டுக் கொடுப்பது நல்லது.