இஸ் திஸ் லவ்

இஸ் திஸ் லவ்: ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி எழுதி, வெய்லர்ஸ் குழுவுடன் பாடிய ரெகே காதல் பாடல், 1978இல் வெளியான ‘காயா’ இசைத்தொகுப்பில் இடம்பெற்றது.

பாடல் காதலன் தரும் உறுதிமொழிகளாக அமைந்தது. இரவும் பகலும் அன்பு செலுத்துவதாகவும், இருப்பதை ஒளிக்காமல் பேசுவதாகவும் அவன் கூறுகிறான். அவன் தரக்கூடியவை ஒரு கூரை, ஓர் அறை, ஒருவர் படுக்கும் கட்டில் ஆகியவையே. உணவுக்கு ‘ஜா’ வழிசெய்வார் என்கிறான்; ராஸ்தஃபாரி சமயத்தார் இறைவனை அழைக்கும் பெயர் அது. இதனால் ஏழ்மை இங்கு குறையாகவன்றி இறைநம்பிக்கையுடன் பகிரும் வாழ்வாகத் தோன்றுகிறது. தலைப்பு கேள்வியாக இருப்பினும், பாடலில் தயக்கம் குறைவு. தாளத்தின் இடைவெட்டில் விழும் கிட்டாரும் ஐ-த்ரீஸ் குழுவின் பெண்குரல்களும் பாடலின் மகிழ்வைத் தாங்குகின்றன.

1976 டிசம்பரில் கிங்ஸ்டன் இல்லத்தில் சுடப்பட்டுக் காயமுற்ற மார்லி, 1977இல் லண்டனில் ‘எக்ஸோடஸ்’, ‘காயா’ ஆகிய இரு இசைத்தொகுப்புகளையும் பதிவு செய்தார். அரசியல் வேகம் தணிந்ததெனப் பின்னது விமர்சிக்கப்பட்டது. இப்பாடலைப் பொறுத்தவரை அது மேலோட்டமான கணிப்பே. பிரிட்டன் தரவரிசையில் ஒன்பதாம் இடம் பெற்ற இப்பாடலின் காணொளியில், பின்னாளில் புகழ்பெற்ற மாடலான நவோமி காம்பெல் சிறுமியாகத் தோன்றுகிறார். 1984இல் வெளியான மார்லியின் ‘லெஜண்ட்’ தொகுப்பின் முதல் பாடலும் இதுவே.